பதினொரு தூண்

கிழக்கு வெளுப்பதற்குள் நதியா பதினைந்து நடை ஏறி இறங்கிவிட்டாள். தலையில் பலகை, பலகையில் சுடாத பச்சை ஓடுகள். பாலாற்றுக் களிமண்ணின் ஈரம் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. சரிவுப் பாதையில் கால்விரல்களை ஊன்றி மூன்றாவது பரணுக்குப் போனால்தான் பாரத்தை இறக்க முடியும்.

ஐயம்பேட்டைக்கு அப்பால் இருக்கும் அந்த ஓடு கம்பெனியைக் கட்டியவன் கெட்டிக்காரன். நூறு வருஷத்துக்கு முன்பே நடுவில் சூளையை வைத்து, அதன் தலைக்கு மேல் மூன்றடுக்குப் பரண் போட்டான். சூளையின் சூடு வீணாகாமல் பலகை இடுக்குகளில் ஏறிப் பச்சை ஓடுகளை உலர்த்தும். ஒவ்வொரு தேக்குத் தூணும் இன்ன பாரத்துக்கு என்று கணக்காக நட்டது. சென்னையிலிருந்து படம் பிடிக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். முதலாளி வரதராஜன் அந்தப் படத்தைக் காலண்டராகவே அடித்து மாட்டியிருக்கிறார். படத்தில் பன்னிரண்டு தூண். இப்போது நிற்பது பதினொன்று. லாரி உள்ளே வந்து திரும்ப இடமில்லை என்று போன மாதம் ஒன்றை அறுத்துவிட்டார்கள்.

சூளைக்கு நெருப்பு வைப்பவர் கலியன். வைக்கும் முன் கீழேயிருந்து, "மேல சரியா?" என்று கேட்பார். பரணில் நிற்கிறவள் பலகையை மிதித்துப் பார்த்து, "சரி, வை" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் வராமல் அங்கே நெருப்பு வைத்ததில்லை. வைத்துவிட்டால் மூன்று நாளைக்கு அணைக்கவும் முடியாது. சூட்டில் முறுகும் மரத்தின் மேலேயேதான் எல்லோரும் நடமாட வேண்டும்.

போன தடவை அந்தச் சொல்லைச் சொன்னவள் நதியா. காலடியில் பலகை அமுங்கியது அவளுக்குத் தெரிந்தது. கீழே முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயத்தில் சொல்லிவிட்டாள். மறுநாள் பரண் உடைந்து, அங்கே ஓடு அடுக்கிக்கொண்டிருந்த தனசேகரன் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பத்து நாளாக நதியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அவன் மனைவி பட்டம்மாளும் மறுபடி வேலைக்கு வந்திருந்தாள். கடைசி நடையில் நதியாவால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு பலகை அமுங்கிச்சு. தெரிஞ்சேதான் சரின்னு சொல்லிட்டேன்."

பட்டம்மாள் பாரத்தை இறக்கிவைத்தாள். "எனுக்கும்தான் அமுங்கிச்சு. உன் பக்கத்துலயே வாய மூடிக்கினு நின்னேனே. இன்னிக்கு இன்னா சொல்லப் போற?"

கீழே கலியன் பந்தத்தோடு வந்துவிட்டார். "மேல சரியா?"

நதியா மிதித்தாள். உடைந்தபின் கட்டை வைத்து முட்டுக் கொடுத்த இடத்திலேயே பலகை அமுங்கியது.

"சரியில்லண்ணா! வைக்காத!"

"யார்மா அது?" முதலாளி கத்தினார். "அதான் கட்டை வச்சு அடிச்சாச்சே!"

"கட்டை தாங்காது மொதலாளி. அறுத்த தூண நட்டாத்தான் ஏறுவோம்" என்றாள் பட்டம்மாள்.

"லாரி உன் தலைமேலயா வரும்? புடிக்காதவங்க எறங்கிப் போங்க. நாளைக்கே வடக்கேர்ந்து ஆளு எறக்கறேன்."

"வர்றவனுக்கும் இடுப்பு எலும்புதான் மொதலாளி!" என்றாள் நதியா.

வரதராஜன் கலியன் பக்கம் திரும்பினார். "நான் சொல்றேன். சரி! வை!"

முப்பது வருஷமாக முதலாளியை நிமிர்ந்து பார்க்காதவர் கலியன். இப்போது பார்த்தார்.

"கீழேர்ந்து சொன்னா செல்லாது மொதலாளி. மேல ஏறி நின்னு சொல்லுங்க. வைக்கிறேன்."

வரதராஜன் சரிவுப் பாதையில் ஒரு காலை வைத்தார். மேலே மரம் முனகியது. காலை எடுத்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் காட்டறேன்" என்றபடி காரை நோக்கி நடந்தார்.

கலியன் பந்தத்தை மணலில் குத்தி அணைத்தார். பெண்கள் இறங்கி வந்தார்கள். மண் மிதிக்கிறவர்கள், அச்சு அடிக்கிறவர்கள் எல்லோரும் வந்து அறுபட்ட தூணின் அடிக்கட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எத்தனை நாள் உட்கார வேண்டுமோ, வீட்டில் அடுப்பு எப்படி எரியுமோ, யாருக்கும் தெரியாது. எழுந்து போக மட்டும் ஒருவருக்கும் மனமில்லை.

பட்டம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு கவளம் பழைய சோற்றை நதியாவிடம் நீட்டினாள்.

அது இறங்கியது.