போனில் போன கல்யாணப் பத்திரிகை

மகள் கல்யாணத்தைப் பாப்பிரெட்டிப்பட்டியே வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று பெரியண்ணனுக்கு ஆசை. ஆசைப்பட்ட மனுஷன் பந்தலோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று, ஏ.ஐ. அழைப்பிதழ் செய்து தரும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் யானைமேல் வந்து இறங்குகிற மாதிரி வீடியோ போட்டுத் தருமாம். இந்தக் காலத்தில் கத்தரிக்காய்க்கு ஏ.ஐ. என்று பேர் ஒட்டினால்கூட நம் ஆட்கள் நாலு கிலோ வாங்குவார்கள். அந்தச் செயலி, நம்பரையெல்லாம் பார்க்கட்டுமா என்று கேட்டது, பாரு என்றார். உங்கள் பேரில் மெசேஜ் அனுப்பட்டுமா என்றது. தாராளமாக அனுப்பு என்றார். சம்பந்தியிடம்கூட அவர் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

யானையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கலைமதி, தன் கல்யாணத்துக்கு லீவில் வந்தவள், மறுநாள் அப்பாவின் போனைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் பேரில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஒரு ஃபைல் போயிருந்தது. தொட்டுத் திறந்தால் அவரவர் போனுக்குள் திருடன் புகுந்து பேங்க் பணத்தை வழித்துக்கொண்டு போய்விடுவான்.

“அறிவாம், ஏ.ஐ.யாம். யானையக் காட்டிப் பூட்டத் தொறந்துட்டான்ப்பா,” என்றாள்.

பெரியண்ணன் பத்திரிகையைத் தொட்டோம், குடி முழுகிப்போச்சு என்று ஊர் பேசினால் பந்தலில் எந்த முகத்தோடு நிற்பது? பெரியண்ணன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார்; ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அப்பனும் மகளும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினார்கள்.

பங்காளி ராஜாமணி வாசலிலேயே மடக்கினார்.

“பாக்கு வெத்தல வெச்சுக் கூப்பிட வக்கில்ல, போன்ல அனுப்பறியா? அதக் கையாலகூடத் தொடல நான்.”

பெரியண்ணனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வீட்டிலும் அதே பாட்டுத்தான். மச்சான் கிருஷ்ணப்பன் முகத்தையே திருப்பிக்கொண்டார். போனில் வந்த பத்திரிகையை மதித்துத் திறக்க நாங்கள் என்ன வழியில் போகிறவர்களா என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். திட்டத் திட்டப் பெரியண்ணனுக்கு மனசு குளிர்ந்தது. கோபித்துக்கொண்டே தப்பித்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்! பெட்டிக்கடையில் பாக்கு வெற்றிலை வாங்கி, திட்டு வாங்கின கையோடு எல்லாரையும் முறையாக அழைத்தும் முடித்தார்.

“அத்தைக்கும் போயிருக்குப்பா,” என்றாள் கலைமதி.

தொப்பூரில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா குள்ளம்மாள். கலைமதியின் மஞ்சள் நீராட்டுக்குத் தம்பி நேரில் வராமல் ஆள் விட்டுச் சொன்னான் என்று, வராமலே இருந்துவிட்டவள். அன்றோடு பேச்சு நின்றது. இந்தக் கல்யாணத்துக்கும் அவளைக் கூப்பிடுவதாக இல்லை. ரோஷக்காரி, அவளா தொட்டிருக்கப் போகிறாள் என்று பெரியண்ணன் வாயால் சொன்னாரே தவிர, வண்டியைத் தொப்பூருக்குத்தான் விட்டார்.

குள்ளம்மாள் இருவரையும் பார்த்தாள். முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். பிறகு போனை எடுத்துக் கலைமதியிடம் நீட்டினாள்.

“நேத்துலருந்து தொட்டுத் தொட்டுப் பாக்கறேன் கண்ணு, தொறக்கவே மாட்டேங்குது. என்னிக்குக் கல்யாணம்னுகூடத் தெரியல.”

கலைமதி பதறிப்போய் வாங்கிப் பார்த்தாள். பேரப்பிள்ளைகளின் வீடியோவால் போன் நிரம்பிக் கிடந்தது. இடமில்லை என்று அந்த ஃபைலை அது உள்ளேயே விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று அப்பாவுக்குத் தலையசைத்தாள்.

ஊரில் ஒருத்தரும் தொடாததை இந்த ரோஷக்காரி நேற்றிலிருந்து தொட்டுக்கொண்டிருக்கிறாள். அது நான் அனுப்பியதில்லை, திருடன் அனுப்பியது என்று சொல்ல வாயெடுத்த பெரியண்ணன், அக்கா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

கலைமதி அந்த மெசேஜை அழிக்கப் போனாள். குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிக்காத கண்ணு. என் தம்பி எனக்கு அனுப்புனது.”

பெரியண்ணன் பையிலிருந்து பாக்கு வெற்றிலையை எடுத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

“அழிக்கட்டும் அக்கா,” என்றார். “அதான் நானே வந்துட்டேனே.”