தேங்காய்ச் சோறு போகும் தூரம்

கூத்தாநல்லூர் யூசுப் ராவுத்தர் மூத்த மகள் நூர்ஜஹானைச் சிங்கப்பூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார். இளையவள் ஹலீமா வாழப்போகும் வீட்டில் காலையில் ஆக்கிய தேங்காய்ச் சோறு, பெற்றவர் வீட்டுக்கோ அக்காள் வீட்டுக்கோ ஊசிப்போகாமல் வந்து சேர வேண்டும். சென்னையில் ஆட்சியே மாறியது. இந்தச் சட்டம் மாறவில்லை.

ஹலீமாவின் மனத்தில் இருந்தவன் தாய்மாமன் மகன் ஜக்கரியா. கோலாலம்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ராவுத்தர் பார்த்து வைத்திருந்ததோ கும்பகோணத்து வெற்றிலை வியாபாரியின் மகனை.

"கோலாலம்பூர்லேர்ந்து அக்கா வீட்டுக்கு பிளேன்ல ஒரு மணி நேரந்தான், அத்தா" என்றாள் ஹலீமா.

"நான் கப்பல்ல போனவன். கோலாலம்பூருக்குப் பக்கத்துல கிள்ளான் துறைமுகத்துல நிறுத்தி, சரக்கை இறக்கி, சிங்கப்பூர் போய்ச் சேர ரெண்டு நாளு. சோறு புழுத்துடும்."

"அது கப்பலு."

"இருக்கட்டும். ஊரு அதே ஊருதானே? பக்கத்துல நகந்து வந்துடுச்சா?"

அவர் மனைவி பாத்துமுத்து அடுப்படியிலிருந்து சொன்னாள்: "உங்ககிட்ட பேசுறதுக்கு அவ நடந்தே சிங்கப்பூர் போயிடலாம்."

மறுநாள் விடியற்காலையில் ராவுத்தர் கும்பகோணம் பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டில் தேங்காய்ச் சோறு ஆக்கித் தரச் சொல்லி, சுடச்சுடத் தூக்குச்சட்டியில் வாங்கிவந்து காட்டுவதாக ஏற்பாடு. சோறு தேறினால் வெள்ளிக்கிழமை நிச்சயம். ஹலீமா அன்று எதுவும் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில், வலங்கைமான் தாண்டி பஸ் நின்றது. தை அறுப்பு. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார் என்று உள்ளூர் ஆட்கள் சிவப்புக் கொடியோடு சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் வேனும் வந்து, அதுவும் நின்றது.

ராவுத்தர் தூக்கோடு இறங்கி, முன்வரிசையில் இருந்த பெண்ணிடம் கேட்டார். "எப்பம்மா வழி விடுவீங்க?"

"கூலி நெல்லுல அரை மரக்கா ஏத்தச் சொல்லுங்க பாய், இப்பவே விட்டுர்றோம்."

"நான் சொன்னா கேப்பாரா?"

"நாங்க சொல்லியே கேக்கல. தூக்குல என்ன?"

"சோறு."

"வெயில்ல வைக்காதீங்க. ஊசிடும்."

ராவுத்தர் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடித்திருந்தது. பாத்துமுத்து தூக்கைத் திறந்தாள். உடனே மூடினாள். அவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கும்பகோணம் ரொம்பத் தூரம்" என்றார்.

ஹலீமா தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பிளேன் போற வழியில அறுப்பு உண்டா?"

"ஆகாயத்துல வயல் ஏது, அத்தா?"

அவர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். "உங்கம்மாவ அவ அண்ணனுக்குத் தந்தி அடிக்கச் சொல்லு."

ஹலீமா சமையற்கட்டுக்குள் ஓடினாள். அங்கே அம்மாவும் மகளும் சிரித்தது கூடம்வரை கேட்டது. அவர் காதில் விழாததுபோல இருந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாத்துமுத்து, கழுவிய தூக்கோடு வந்தாள். "இது அவங்க தூக்காச்சே. திருப்பிக் குடுக்க வேணாமா?"

"யாராச்சும் போனா குடுத்தனுப்பு" என்றார் ராவுத்தர். "என்னால அவ்வளவு தூரம் போக முடியாது."