பஸ் நாலரைக்கு வெளிக்கிடும்

எங்கள் ஆட்களுக்கு நேரம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அவசரப்படாமல் கேட்டால் விளங்கும். ஒருவர் எட்டு மணிக்கு வரவேண்டுமென்றால் அவரிடம் ஏழு என்று சொல்லவேண்டும். இது அவருக்கும் தெரியும் என்பதால், ஏழு என்றதும் எட்டு என்று மனதில் எழுதிக்கொள்வார். எட்டுக்கே போய் நின்று என்ன செய்வது, நாலு பேர் வரட்டும் என்று அதற்கு மேல் ஒரு பத்து நிமிடம் கூட்டிக்கொள்வார். ஆக, ஏழு என்றால் எட்டே பத்து. கலியாண வீடுகளில் இந்தக் கணக்குப் பிசகி நான் கண்டதில்லை. இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது, அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும், ஆனபடியால் யாரும் ஏமாறுவதில்லை. சுவிஸ்காரர் பரம்பரை பரம்பரையாக மணிக்கூடு செய்கிறார்கள். இப்படி ஒன்றை மட்டும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் தயாபரன். சுவிசில், சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் இருக்கிறேன். லிப்ட் திருத்துவது வேலை. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சந்தோசம். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

என் மகள் கோபிஷா சூரிச்சில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். 2017 கோடையில் அவள் ஒரு சுற்றுலாக் கம்பனியிடம் போய், பேர்ண் நகரைத் தமிழில் சுற்றிக் காட்டும் ஒருநாள் பயணம் நடத்தலாம் என்று சொன்னாள். ஒவ்வொரு ஓகஸ்டிலும் கலியாணங்களுக்கென்று கனடாவிலும் லண்டனிலும் இருந்து விமானம் விமானமாக வந்து இறங்குகிற எங்கள் சனம், மண்டபத்தையும் சாப்பாட்டையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறது என்பது அவளுடைய வாதம். கம்பனி யோசித்தது. ஒரு தரம் ஓடிக் காட்டு, பதினைந்து பேருக்குக் குறையாமல் நீயே கொண்டுவா, எங்கள் ஆள் ஒருவர் கூட வருவார், அவருக்குத் திருப்தி என்றால் கோடை முழுக்கச் சனிக்கிழமைகள் உனக்கு என்றது. இல்லையென்றால் இல்லை. இரண்டாவது தடவை கிடையாது.

பதினைந்து பேரைப் பிடிக்கும் பொறுப்பை நான் எடுத்தேன். மனைவி சிவகலாவின் தமக்கை புனிதவதி அக்கா ரொறன்ரோவில் இருந்து பரிவாரத்துடன் வந்திருந்தா. அவவைப் பிடித்தால் எட்டுப் பேரைப் பிடித்த மாதிரி. என்னோடு சேர்த்துப் பதினாறு ஆனது. பஸ் டீட்டிகோன் ரயில் நிலையத்தில் எட்டு மணிக்கு வெளிக்கிடும் என்று மகள் சொன்னாள். நான் தொலைபேசியில் எங்கள் வைபர் குழுவில் ஏழு என்று போட்டேன்.

எட்டே பத்துக்கு எல்லோரும் நின்றார்கள். இராஜசிங்கம் அண்ணை மட்டும் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கவே வந்து நிலைய வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அவர் டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்தெட்டு வருடம் கோப்பை கழுவியவர். மலையில் கடைசி பஸ்ஸை ஒருநாள் பனிக்குள் தவறவிட்டதோடு அவருக்கு எங்கள் கணக்கு மறந்துபோய்விட்டது.

"ஏழு எண்டு தானே போட்டனீர்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. ஆனா ஏழு எண்டா ஏழில்லை."

"அப்ப ஏன் ஏழு எண்டு போட்டனீர்?"

இப்படிப்பட்டவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்.

நான் மகளிடம் போய், பத்து நிமிடம் பிந்திவிட்டது, மன்னிச்சுக்கொள் என்றேன். அவள் மெல்லச் சொன்னாள், "பஸ் எட்டேகாலுக்குத் தானப்பா. நான் உங்களுக்குக் கால் மணித்தியாலம் குறைச்சுத் தான் சொன்னனான்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தமிழ்க் கூட்டம் ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தது. கம்பனி அனுப்பிய சுவிஸ்காரப் பெண்மணி ஃபிராவ் லூதி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் படிவத்தில் ஒரு சரி போட்டா.

இந்த ஃபிராவ் லூதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பயணத்துக்கு எப்படிப் புள்ளி போடுவார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சுலபம். மகள் என்ன சொல்கிறாள் என்பதை அவவால் அளக்க முடியாது, ஆகவே எதை அளக்க முடியுமோ அதை அளப்பா. அதாவது நேரம். சாரதிக்கு அன்று மாலை ஆறரைக்குச் சூரிச்சில் வேறொரு கூட்டத்தை ஏற்றும் வேலை இருந்தது. அதற்கிடையில் அவர் ஓய்வெடுத்தாரா என்று பஸ்ஸுக்குள் இருக்கும் ஒரு கருவி பதிந்துகொண்டே இருக்கும். அந்தக் கருவியிடம், வழியில் ஒரு மாமியைச் சந்தித்தோம் என்று சொல்ல முடியாது. எனவே பேர்ணில் இருந்து பஸ் நாலரைக்கு வெளிக்கிட்டே ஆகவேண்டும்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கோபிஷா ஒலிவாங்கியை எடுத்தாள். "எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசயம். இண்டைக்கு நான் சொல்லுற நேரம் எல்லாம் உண்மையான நேரம். பத்து எண்டா பத்து."

பின் சீற்றில் புனிதவதி அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னா, "கெட்டிக்காரி. பிள்ளை எப்பிடிச் சொல்லுது பார். அப்ப ஒரு அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்."

பேர்ணின் பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஒவ்வொரு மணியும் அடிக்கச் சில நிமிடங்கள் முன்பாகவே பொம்மைகள் ஆடத் தொடங்கும். சேவல் கூவும், கோமாளி மணி ஆட்டுவான், கரடிகள் வட்டமாகப் போகும். பத்து மணி ஆட்டத்துக்காகப் பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கோபுரத்தடிக்கு வரச்சொன்னாள் மகள். அந்த நேரத்துக்கு நின்றது ஆறு பேர். நான் சும்மா நிற்காமல், உள்ளே பாரக்கற்கள் தொங்குவதையும், அவை இறங்கும் வேகத்தை ஊசல் அடக்கிப் பிடிப்பதையும், தினமும் ஒருவர் போய் அவற்றைக் கையால் சுற்றி மேலே ஏற்றவேண்டும் என்பதையும் விளங்கப்படுத்தினேன். இவ்வளவையும் மகளும் அதே நேரத்தில் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று சிவகலா என் கையைக் கிள்ளினாள். இரண்டு பேர் சொன்னால் நன்றாகப் பதியும்.

மற்றவர்கள் பத்தே நாலுக்கு வந்தார்கள். புனிதவதி அக்கா நிமிர்ந்து பார்த்தா.

"இதென்ன, ஆடுது எண்டாய், ஒண்டும் ஆடேல்லை. பழுதோ?"

"முடிஞ்சுது பெரியம்மா. பத்து மணிக்கு எண்டு சொன்னனான் எல்லோ," என்றாள் கோபிஷா.

"நீ உண்மையாச் சொல்லுவாய் எண்டு எங்களுக்கு எப்பிடியடி பிள்ளை தெரியும்?"

பதினொரு மணி ஆட்டம் வரைக்கும் நின்று பார்த்தே போவதென்று பெரும்பான்மை முடிவெடுத்தது. கோபிஷா தன் தாளில் இருந்து ஒரு தேவாலயத்தை வெட்டினாள். ஃபிராவ் லூதியும் தன் தாளில் ஏதோ எழுதினா.

பாராளுமன்றத்துக்கு முன்னால் இன்னொரு சிக்கல். சுவிற்சர்லாந்துச் சட்டத்தில் தலைநகரம் என்று ஒன்று கிடையாது, பேர்ண் வெறும் கூட்டாட்சி நகரம் என்று மகள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மற்ற மாநிலங்களுக்கு மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தலைநகரை வைத்துக்கொண்டே அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்காமல் விட்ட நாடு இது. சொந்தக்காரரைச் சமாளிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கவேண்டும். விளங்கவில்லை.

"தலைநகரம் இல்லையெண்டா எங்களை ஏன் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? நான் ரொறன்ரோவிலை எல்லாருக்கும் தலைநகரம் பாக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றா புனிதவதி அக்கா.

"ரொறன்ரோவும் தலைநகரம் இல்லைத் தானே மச்சாள்," என்றார் இராஜசிங்கம் அண்ணை. அதற்குப் பிறகு மத்தியானம் வரை அவ அவரோடு கதைக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை மேட்டில் இருக்கும் ரோசாத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். ஆறு வளைந்து ஓட, அதற்குள் பழைய நகரத்தின் செங்கூரைகள் முழுவதும் தெரியும் இடம். எங்கள் ஆட்கள் அதற்கு முதுகைக் காட்டி இருந்து இடியப்பப் பெட்டியைத் திறந்தார்கள். நாற்பத்தைந்து நிமிடம் என்று சொன்னாள் மகள். கூட்டத்தின் கணக்கில் அது ஒன்றேகால் மணித்தியாலம். சம்பல் போதுமா என்று ஃபிராவ் லூதியிடம் நாலு பேர் கேட்டார்கள். அவ நாலு தடவையும் போதும் என்றா, நாலு தடவையும் போட்டார்கள். கண் சிவந்தபடியே அவ கடிகாரத்தைப் பார்த்தா. கோபிஷா தன் தாளில் கரடிப் பூங்காவையும் வெட்டினாள். பஸ்ஸில் போகும்போது ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, "அங்கை தான் கரடி," என்றாள். கம்பனியிடம் போகமுன்பே இந்தப் பயணத்துக்காக ஆறு மாதம் படித்தவள் அவள். வீட்டில் எங்களை வரிசையாக இருத்தி வைத்துச் சொல்லிப் பார்த்தவள்.

மூன்றரைக்குப் பாராளுமன்றத்தின் பின்னால் இருக்கும் மேடைக்கு வந்தோம். இதுதான் கடைசி இடம். "நாலரைக்குப் பஸ் வெளிக்கிடும். காலைமை இறங்கின அதே இடம், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். இஞ்சை இருந்து பத்து நிமிச நடை. தயவு செய்து," என்றாள். கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று சிவகலா பிறகு சொன்னாள்.

அந்த மேடையில் இருந்து கீழே ஆற்றங்கரைக்கு ஒரு சின்னக் கம்பி ரயில் இறங்குகிறது. ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு பெட்டி. ஒன்று இறங்க மற்றது ஏறும். ஒன்றின் பாரத்தை மற்றது தாங்கிக்கொள்வதால், இயந்திரத்துக்குச் செலவாவது கொஞ்சச் சக்திதான். முன்பு இயந்திரமே இல்லை. மேல் பெட்டிக்குள் தண்ணீரை நிரப்புவார்கள், பாரத்தில் அது இறங்கும், கீழே தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இதைச் சொல்லி முடிக்கும்போது புனிதவதி அக்காவும் இன்னும் எட்டுப் பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். இவ்வளவு கவனமாக என்னை ஒருவரும் கேட்டதில்லை. போய்க் காட்டுகிறேன் என்றேன். ஒரு நிமிடப் பயணம்தானே.

"பஸ் பிந்தாதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"தகப்பன் எங்களோடை நிக்கேக்கை பஸ் எப்பிடிப் போகும்?" என்றா புனிதவதி அக்கா. "தம்பியோடை நிண்டாச் சரி. ஒருத்தரும் விலகாதேங்கோ."

அப்போதுதான் அவர்களுடைய கவனத்தின் காரணம் விளங்கியது. என் விளக்கத்துக்காக அல்ல. நான் பிணை.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கும் அதே எண்ணம்தான். நாலரை என்பது மெய்யான நாலரை என்று அந்தப் பத்துப் பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும் கீழே இறங்கினேன். இறங்கிய பிறகு ஆற்றில் நீந்தக் குதித்தவர்கள் மிதந்து போவதைப் படம் எடுத்தார்கள். பிறகு ஐஸ்கிறீம். பிறகு மலசலகூடம், அதற்கு ஒரு வரிசை. நாலு இருபத்தினாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"அப்பா, எங்கை நிக்கிறீங்கள்?"

"வந்துகொண்டிருக்கிறம்," என்றேன் ஆற்றங்கரையில் இருந்து.

"நாலரைக்கு வெளிக்கிடும்."

"ஓம் ஓம், தெரியும்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு நாற்பதுக்கு நாங்கள் நிலையத்தின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது, பஸ் நின்ற இடத்தில் இன்னொரு பஸ் நின்றது. அதற்குள் யப்பானியர்கள் ஏற்கெனவே ஏறி, சீற் பட்டி கட்டி, இருந்தார்கள். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

லிப்டில் பாரம் கூடினால் கதவு மூடாது, மணி மட்டும் அடிக்கும். அது யாரோடும் வாக்குவாதப்படாது. யாராவது இறங்கும் வரைக்கும் அசையாது. இறங்கிய உடனே போய்விடும். இதை நான் அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கேட்க ஒருவரும் இல்லை.

"பெத்த தகப்பனை விட்டுட்டுப் போட்டாள்," என்றா புனிதவதி அக்கா. "இதுதான் இஞ்சத்தைப் படிப்பு."

சூரிச் போகும் ரயிலில் ஏறினோம். மகளைக் கூப்பிட்டு நியாயம் கேட்கும்படி அவ சொன்னா. நான் எழுந்து இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்று கூப்பிட்டேன். பஸ்ஸின் இரைச்சலோடு அவள் குரல் வந்தது.

"நாலரைக்கு ஆறு பேர் இருந்தவை," என்றாள். "அம்மா, இராஜசிங்கம் மாமா, மற்ற நாலு பேர். ஃபிராவ் லூதி கேட்டா, வராமல் நிக்கிறதிலை உன்ரை அப்பாவும் இருக்கிறாரோ எண்டு. ஓம் எண்டன். போவமோ எண்டு கேட்டா. போவம் எண்டன்."

"பிறகு?"

"ஆற்றுப் பாலம் தாண்டினாப் பிறகு தாளிலை கையெழுத்துப் போட்டுத் தந்தா. வாற சனிக்கிழமை முதல் பயணம். அப்பா, நீங்கள் அதுக்கு வரவேண்டாம். ஒரு சனிக்கிழமைக்கும் வரவேண்டாம்."

"ஓம்," என்றேன்.

"கோபமோ?"

"இல்லை. அந்தக் கம்பி ரயிலைப் பற்றிச் சொல்லேக்கை தண்ணி நிரப்பின கதையை விட்டிடாதை."

"அது என்ரை தாளிலை இருக்கு அப்பா."

திரும்பி வந்து இருந்தேன். ஒன்பது முகங்களும் காத்திருந்தன. அவர்களில் ஐந்து பேருக்கு அடுத்த வருடமும் இங்கே கலியாண வீடு இருக்கிறது. ஒருவருக்கு அடுத்த கிழமையே. மகளின் பஸ்ஸுக்கு ஆட்கள் அந்த வீடுகளில் இருந்துதான் வரவேண்டும்.

"என்னவாம்?" என்றா புனிதவதி அக்கா.

"அழுகிறாள் அக்கா," என்றேன். "சாரதி கேட்கேல்லையாம். உங்களை விட்டிட்டுப் போனதை நினைச்சு நினைச்சு அழுகிறாள்."

அக்காவின் முகம் இளகியது. "பாவம் பிள்ளை. அழவேண்டாம் எண்டு சொல்லு. பெரியம்மா மன்னிச்சிட்டா எண்டு குழுவிலை போடு, எல்லாரும் பாக்கட்டும்."

போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் மகள் அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டாள்.