தாய்மாமன் பிடித்த விசிறி

எங்கள் பக்கம் கல்யாண வண்டி மலையேறும்போது ஃபேன் கிளட்சைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெண்ணின் தாய்மாமனை உட்கார வைப்பது வழக்கம். மற்ற நாட்களில் அங்கே இருப்பது ஒரு இரும்பு வட்டு. ரேடியேட்டர் காற்று சூடாக வந்தால் அதன் முகத்திலுள்ள சுருள் விரியும். உள்ளே கெட்டி எண்ணெய் இறங்கும். அதுவரை வழுக்கிக்கொண்டிருந்த விசிறி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வேகமாகச் சுற்றும். ஆறினால் விட்டுவிடும். தாய்மாமனும் அப்படித்தான். இடது கையில் எஞ்சின் தண்டு, வலது கையில் விசிறி. கோபம் ஏறினால் இறுக்கிப் பிடிப்பார், தணிந்தால் நழுவ விடுவார். பன்னிரண்டு வருடமாக வேன் ஓட்டுகிறேன். கோபம் வராத தாய்மாமனை ஒரு கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

மகுடேஸ்வரியின் கல்யாணத்துக்கு வையாபுரி மாமா உட்கார்ந்தார். மலையுச்சி மண்டபத்தில் மாப்பிள்ளை காத்திருந்தார். முகூர்த்தம் ஒன்பதே காலுக்கு. தவறினால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஏற வேண்டியது அறுபத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். பெண் வீட்டார் நன்றாகவே திட்டமிட்டிருந்தார்கள். பத்திரிகையில் மாமாவின் பெயரை அச்சகத்தின் பெயருக்கும் கீழே போட்டிருந்தார்கள். அடிவாரத்தில் எல்லோருக்கும் வடை வைத்து அவருக்கு மட்டும் வைக்கவில்லை. இருபதாவது வளைவில், "சீருன்னு கொண்டாந்தது இவ்வளவுதானா?" என்று ஒரு அத்தை சத்தமாகக் கேட்டாள். விசிறி உறுமியது.

நாற்பத்தோராம் வளைவில் பெண்ணின் அப்பா நல்லமுத்து கெடுத்தார். கோபித்துக்கொண்ட மச்சானைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டே பழகியவர். டீ குடிக்க நிறுத்தியிருந்தோம். எஞ்சினை நான் அணைக்கவில்லை. அவர் நேராக பானெட்டுக்குப் போய், "மனசுல வெச்சுக்காதீங்க மச்சான், எல்லாம் எங்க தப்புதானுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமா சிரித்துவிட்டார். விசிறி தளர்ந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் ரேடியேட்டர் கொதித்தது. மணி ஒன்பது.

எல்லோரும் இறங்கிப் பாடுபட்டார்கள். மீசையைக் கிண்டல் செய்தார்கள். வேட்டி இரவலா என்று கேட்டார்கள். "ஆமாங்க, பங்காளியோடதுங்க" என்று மாமா அதற்கும் சிரித்தார்.

கடைசியில் மகுடேஸ்வரி இறங்கினாள். பட்டுப்புடவை தரையில் படாமல் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மாமா, உங்கள விட்டுட்டுப் போறதுல எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லீங்க."

அவர் பிடித்தார்.

அப்படியொரு பிடியை நான் பார்த்ததில்லை. முள் மளமளவென்று இறங்கியது. எதிரே இருந்த காற்றையெல்லாம் விசிறி இழுத்தது. முதலில் நல்லமுத்துவின் துண்டு பறந்து வந்து வண்டி முகத்தில் ஒட்டியது. பிறகு காப்பி இலைகள், மூன்று பலாப்பழம், ஒரு குரங்கு. குரங்கை ஓரமாக உட்கார வைத்தோம். நாற்பத்திரண்டாம் வளைவு இறங்கி வந்தது, அதன் பின்னால் நாற்பத்து மூன்று, இப்படி வரிசையாக. நான் வண்டியை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது பன்னிரண்டுக்கு மண்டபமே நாதஸ்வரத்தோடு வந்து பம்பருக்கு முன்னால் நின்றது. பந்தியில் பாயசம்கூடச் சிந்தவில்லை. மாப்பிள்ளை சரியான நேரத்தில் தாலி கட்டினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடாமல் ஹாரன் அடித்தேன்.

கழுத்தில் தாலியோடு மகுடேஸ்வரி பானெட்டுக்கு ஓடி வந்தாள்.

"பொய்யிங்க மாமா. அத்தனையும் பொய்யிங்க" என்று அழுதாள். பெரியவர்கள் கூப்பிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணையில் போய் உட்கார்ந்தாள்.

மாமா குளிர்ந்தார். கை நழுவியது. விசிறி தளர்ந்ததும் மண்டபம் மெல்ல மேலே போகத் தொடங்கியது. வளைவுகளும் ஒவ்வொன்றாக அதன் கூடவே போயின. மறையும் வரை அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரே ஒரு வளைவை மட்டும் மாமா விடவில்லை. மடியில் வைத்து அணைத்துக்கொண்டார்.

"புள்ள வந்துபோக ஒரு வளைவு கம்மியாகுமுங்க" என்றார்.

நான் கியரைப் போட்டேன்.