உண்ணிச்செடி மஞ்சள்

மாட்டு டாக்டர் செவலைப் பசுவின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். அது எந்த மஞ்சள் என்று சாயக்காரிக்குத் தெரியும். உண்ணிச்செடி இலையை வேகவைத்து வடிகட்டி, படிகாரத்தில் ஊறிய துணியை முக்கி எடுத்தால் வருகிற அதே மஞ்சள். மூன்று மாதமாக அவள் விரல்களில் ஏறியிருந்ததும் அதுதான். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்ன தின்னுச்சு?"

"எப்பவும் போடுற புல்லுதான் டாக்டர். வேற ஒண்ணும் வைக்கலையே," என்றாள் அண்ணி. கன்றுக்குட்டியாக வந்ததைத் தூக்கி வளர்த்தவள்.

கட்டினவன் வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு சாயக்காரி வந்து நின்ற அன்று, அண்ணன் யோசித்தான். அண்ணிதான் பின்கொட்டகையைத் திறந்துவிட்டாள். யாரோ அழகுக்கென்று கொண்டுவந்து வைத்து, வேலியையெல்லாம் வளைத்துப்போட்ட செடி அந்த உண்ணி. வெட்டினால் மறுமாசமே இரட்டிப்பாய்த் தழைக்கும். "ஆடுகூட மோந்துட்டு ஓடுற சனியன். நீயாவது இதுக்கு ஒரு வழி பண்ணு," என்று சிரித்தபடி அரிவாளோடு கூடவே வந்தவளும் அண்ணிதான்.

மோந்தால் ஓடும். வெந்த இலைக்கு அந்த நாற்றமில்லையே. சாயம் நன்றாக இறங்கட்டும் என்று அண்டாவில் நாலு கை உப்பு வேறு போட்டிருந்தாள். சக்கையை வேலியோரம் கொட்டினாள். உப்பென்றால் மாடு தேடிவந்து தின்னும் என்பது, மாடு இருக்கும் வீட்டில் இருந்துகொண்டே அவளுக்குத் தோன்றவில்லை. நேற்றுக் காலை பார்த்தால் குவியலில் பாதியைக் காணோம். அப்போதிலிருந்து தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்தும் துரத்திவிட்டால் எங்கே போவது என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

"என்ன தின்னுச்சுன்னு தெரியாம நான் எந்த மருந்தக் குடுக்கறது?" டாக்டர் பெட்டியை மூடப்போனார்.

"உண்ணி இல," என்றாள் சாயக்காரி. "நான் வேகவச்ச சக்கை. நேத்தே எனக்குத் தெரியும் அண்ணி."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். விஷத்தை உறிஞ்சக் கரித்தூளைக் கரைத்துச் செவலையின் வாயில் ஊற்றினார். "ஒரு நாள் போயிடுச்சு. நான் ஒண்ணும் உறுதி சொல்ல மாட்டேன். வெயில் மட்டும் படக்கூடாது, தோலு வெந்து உரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். செவலையோ நட்டநடு முற்றத்தில் விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் அசையவில்லை.

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் காலிலாவது விழுந்திருக்கலாம்.

சாயக்காரி கொட்டகைக்குள் ஓடினாள். வாரக்கடைசியில் அனுப்ப வேண்டிய துணிகளை அப்படியே அள்ளிவந்து மாட்டின் மேல் போர்த்தினாள்.

"எடு அத. உன் சாயம் அது மேல படக்கூடாது," என்றாள் அண்ணி.

எடுத்தாள். சுவரைத் தாண்டி வெயில் இறங்கிவந்தது. முதுகில் பட்டதும் செவலையின் தோல் துடித்தது. அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். கோணியெல்லாம் ஏற்கெனவே மாட்டுக்கு அடியில் விரித்தாயிற்று.

"அந்த முனையப் பிடி," என்றாள், முகம் பார்க்காமல்.

ஆளுக்கொரு பக்கம் நின்று சாயத்துணியை விரித்தார்கள். மஞ்சளுக்கு அடியில் மாட்டின் உடம்பு மேடாகத் தெரிந்தது. விலா இருக்கும் இடத்தில் துணி மெல்ல எழும்பியது, தாழ்ந்தது. இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, அது மறுபடி எழும்பக் காத்திருந்தார்கள்.