மோட்டார் குடியிருந்த வீடு

மாநகராட்சி வீட்டுவசதிப் பிரிவில் அவளுக்குப் பெயர் கூட்டல். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. எட்டு மண்டலங்களிலிருந்து வருகிற எண்களைக் கூட்டி, இந்த வருடம் நகரத்தில் இத்தனை புது வீடுகள் கட்டி முடிந்தன என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. கேட்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டுதான் மேயர் மேடையில் மார்தட்டுவார், எதிர்வரிசைக்காரர்கள் மேசையைத் தட்டுவார்கள். கூட்டியவளை யாரும் தட்டிக்கொடுத்ததில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

இந்த வருட இலக்கு ஐயாயிரம் வீடு. கூட்டி முடித்தபோது ஐயாயிரத்துப் பதினொன்று வந்தது. அலுவலகத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டட வேலை நடக்கிற பக்கமே எட்டிப்பார்க்காத இயக்குநர், தானே செங்கல் சுமந்த மாதிரி நாளெல்லாம் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கொண்டாட்டத்தில் அவள் மட்டும் கலந்துகொள்ளவில்லை. காரணம், பழைய பேருந்துப் பணிமனை இருந்த காலி மைதானம். இலக்கு எட்டாவிட்டால் அந்த இடத்தில் மாநகராட்சி வீடு கட்டியே ஆக வேண்டும், எட்டிவிட்டால் மன்றம் அதை வேறு எதற்கும் கொடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றுக்கு வரைபடமே தயாராகிவிட்டது. அந்த மைதானத்து வீடுகளுக்காகக் காத்திருப்போர் பட்டியலில், முதல் ஐம்பது பேருக்குள், அவளுடைய தம்பி இருந்தான்.

தம்பி பேருந்து ஓட்டுபவன். அவனும் அவன் மனைவியும் கைக்குழந்தையும் இரண்டு வருடமாக அவள் வீட்டு ஹாலில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். உள்ளறையில் அவளும் அவள் கணவனும். கணவன் பல் மருத்துவமனைக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். நாளெல்லாம் வாய்களோடு பழகியதாலோ என்னவோ, தன் வாயைத் திறப்பது அபூர்வம். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்தச் சமையலறையில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பினால் நாலு முழங்கை இடிக்கும். உப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் தொடங்கிய சண்டை, துடைப்பத்தை எப்படிச் சாத்துவது என்பது வரை வளர்ந்து, இப்போது இருவரும் ஒருவரோடொருவர் பாத்திரங்கள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். தம்பி மனைவி தனக்கு வரப்போகும் சமையலறைக்கு ஒரு படம்கூடப் போட்டு வைத்திருந்தாள். எந்தப் பக்கம் ஜன்னல், எங்கே அடுப்பு, அலமாரிக்கு என்ன நிறம் எல்லாம் அதில் இருந்தது. இனி அது படமாகவே இருந்துவிடும் என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை.

அறிக்கை அச்சாகி வந்த பிறகு, ஒரு மதியம் வேலையில்லாமல் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டடம் கண்ணில் பட்டது. நாலு மாடி, பத்தொன்பது வீடு. அவள் விரலை வைத்து நிறுத்தினாள். அடுக்குமாடி கட்டுகிறவன் ஒரு தளத்துக்குப் போட்ட படத்தையே மேலே மேலே அடுக்குவான். நாலு தளத்தில் பதினாறு வரலாம், இருபது வரலாம். பத்தொன்பது எப்படி வரும்? அடுத்த கட்டடம் பார்த்தாள். ஐந்து தளம், முப்பத்துமூன்று. அதற்கடுத்ததும் அப்படியே. எண்களெல்லாம் மூக்கும் முழியும் கோணலாக நின்றன.

நேரே முட்டி சாரிடம் போனாள். முட்டி சார் மூத்த ஆய்வாளர். கட்டி முடிந்த கட்டடங்களைப் பார்த்து வீடுகளை எண்ணி எழுதுவது அவர் பொறுப்பு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனதால் அந்தப் பெயர். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு வரச் சொல்லி, அந்தப் பத்தொன்பது வீட்டுக் கட்டடத்துக்கே கூட்டிப்போனார். தரைத்தளத்தில் படிக்குக் கீழே மின்சார மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முட்டி சார் பெட்டியைத் திறந்து, பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணிக்காட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர். பத்தொன்பது மீட்டர், பத்தொன்பது வீடு. மாடி ஏறவே வேண்டாம். இந்த உத்தியை அவர் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்து, மற்ற மண்டலத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். முட்டி நல்லாயிருந்தவர்களும் அன்றிலிருந்து படி ஏறுவதை விட்டுவிட்டார்கள்.

அவள் ஏறினாள். லிஃப்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மூச்சு வாங்க மேலே போய், ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கி வந்தாள். பதினாறு கதவுதான். கீழே முட்டி சார் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மீதி மூன்று வீடு எங்கே என்று அவள் கேட்டாள். அவர் மீட்டர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மீட்டர்களைப் பார்த்தார். கடைசி மூன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தது. ஒன்று லிஃப்ட்டுக்கு. ஒன்று தண்ணீர் மோட்டாருக்கு. ஒன்று படிக்கட்டு விளக்குக்கு.

"ஆக, தண்ணி மோட்டாருக்குத் தனி வீடு குடுத்திருக்கோம் சார்," என்றாள் அவள். "என் தம்பிக்குத்தான் கிடைக்கல."

முட்டி சார் சிரிக்கவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கட்டடம் என்றால் பரவாயில்லை, நகரத்தில் மாடி வைத்த கட்டடம் பூராவும் இப்படித்தானே எண்ணியிருக்கிறது என்று அவருக்கே உறைத்துவிட்டது. அவர் மோசமானவர் இல்லை. அடுத்த வாரம் முழுக்க எட்டு மண்டல ஆய்வாளர்களையும் விரட்டி விரட்டி மாடி ஏற்றினார். தானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வீதம் ஏறினார். திரும்பி வந்த எண்களை அவள் மறுபடி கூட்டினாள். நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. மிச்சமெல்லாம் லிஃப்ட்டும் மோட்டாரும் விளக்கும்.

இயக்குநர் அந்தத் தாளைப் பார்த்ததும் தோளைப் பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். அவரும் பயந்தவரே தவிர கெட்டவர் அல்ல. எண் தப்பு என்பதை அவர் மறுக்கவில்லை. வருகிற ஆண்டிலிருந்து சத்தமில்லாமல் சரியாக எண்ணத் தொடங்கலாமே, அச்சான அறிக்கையை எதற்குக் கிளற வேண்டும் என்றுதான் கேட்டார். அதற்குள் மைதானம் போய்விடும் என்றாள் அவள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதான் விஷயமே. உங்க தம்பி பேரு அந்தப் பட்டியல்ல இருக்கு. எண் குறைஞ்சா லாபம் யாருக்கு? தம்பிக்காக அக்கா கணக்கைத் திருத்திட்டான்னு ஒருத்தன் எழுந்து சொன்னா போதும், மொத்தத் திருத்தமும் குப்பைக்குப் போயிடும். கூடவே நீங்களும்."

மாடி ஏறி இறங்கிய வாரம் முழுக்க, இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைவிட மோசம், கூட்டல் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிய அந்த நொடியில் மனசு துள்ளியது உண்மைதானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. துள்ளியது உண்மைதான். ஆனால் எண்ணும் உண்மைதான். இரண்டையும் பிரித்துக் காட்ட எந்த மீட்டரும் இல்லை. மன்றக் குழுக் கூட்டத்தில் திருத்தத்தை நானே வைக்கிறேன், கேட்கிறவர் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டார் வீட்டுக் கதைக்குத் தம்பி மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இயக்குநர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. உண்மையைத்தானே சொல்கிறாய், எவனுக்குப் பயம் என்றான் தம்பி. கணவன் குழம்பைப் பார்த்தபடி தலையசைத்தான். தம்பி மனைவி மட்டும் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது. வீடு கைநழுவிப் போய்விடுமோ என்ற கோபம்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குழுக் கூட்டம் நீள மேசை போட்ட ஓர் அறையில் நடந்தது. அவள் எழுந்து நின்று மீட்டர் விவகாரத்தைச் சொன்னாள். முட்டி சாரும் எழுந்து, மாடி ஏறாதது என் முட்டியின் தப்பு, மீட்டரெல்லாம் வீடென்று நம்பியது என் மூளையின் தப்பு என்று பட்டென்று ஒப்புக்கொண்டார். அறையில் சிரிப்பு பரவியது. காற்று தன் பக்கம் வீசுகிறது என்று அவள் நிமிர்ந்த நேரம் பார்த்து, உறுப்பினரான செருப்புக் கடைக்காரர் எழுந்தார். அவர் கடை அந்த மைதானத்துக்கு எதிரே இருந்தது. கார் நிறுத்தம் வந்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். இந்த அம்மாவின் சொந்தத் தம்பி அந்தப் பட்டியலில் இருக்கிறாரா இல்லையா என்று அவர் கேட்டார். சிரிப்பு அப்படியே அடங்கியது.

இருக்கிறான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். இயக்குநர் முந்திக்கொண்டார். கையிலிருந்த தாளை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, அப்படி ஒரு பெயர் பட்டியலில் இல்லை, நேற்றே விலக்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்பது அவள் காதில் ஏறவில்லை. திருத்திய எண்ணை ஏற்றுக்கொண்டார்கள். மைதானம் வீடுகளுக்கே என்று முடிவானது. முட்டி சார் வந்து கைகுலுக்கினார். அவள் பையை எடுத்துக்கொண்டு பாதி ஓட்டமாக வீட்டுக்குக் கிளம்பினாள்.

தம்பி மனைவி ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கியது. பெயரை விலக்கச் சொல்லி உங்கள் இருவரையும் யார் கேட்டது, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா, பைத்தியமா என்று வந்தவள் ஆரம்பித்தாள். கோபத்தில் ஆரம்பித்தது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. தம்பி மனைவி மடித்த துணியை நீவிவிட்டாள்.

"உங்க தம்பிதான் முதல்ல வேணாம்னாரு. நான்தான் இழுத்துட்டுப் போய்க் கையெழுத்துப் போட வெச்சேன்," என்றாள். "அக்கா பொய்க் கணக்கு எழுதி வாங்கின வீடுன்னு ஒருத்தன் சொல்லிட்டா, அப்புறம் அந்த வீட்டுல நான் எப்படிக்கா அடுப்பு பத்த வெப்பேன்?"

இரண்டு வருடமாக முழங்கையால் மட்டும் அறிந்திருந்த பெண் இவள். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். தம்பி மனைவி அதை வாங்கிப் பிரித்து, தன் வழக்கப்படி மறுபடி மடித்தாள். அவள் அடுத்த சட்டையை எடுத்து நீட்டினாள்.

நகரத்துப் பொதுப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம், கடைசி இடம் என்றாள் தம்பி மனைவி. பிறகு நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எங்களுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

தெரியும். பட்டியலில் முன்னால் நிற்பவர்கள் எத்தனை பேர், வருடத்துக்கு உண்மையில் எத்தனை வீடு எழும்புகிறது என்று அந்த ஊரிலேயே சரியாகத் தெரிந்த ஆள் அவள்தான். மோட்டார் வீடுகளையும் சேர்த்து வகுத்திருந்தால் ஏழு என்று சொல்லியிருக்கலாம். மூன்று, நாலு என்று மனசறிந்து ஒரு பொய் சொல்லவும் நாக்கு துடித்தது. இவ்வளவு செய்தவளிடம் அதைச் சொன்னால்தான் என்ன குற்றம்?

"எட்டு வருஷம்," என்றாள்.

தம்பி மனைவி குழந்தையைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் அது நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். கண் கலங்கியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, துணிக்கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"அப்போ இந்த ஹாலுக்கு ஒரு கதவு போட்டே ஆகணும்," என்றாள். "ஆனா ஒண்ணு. கதவு போட்டதும் ரெண்டு வீடுன்னு எழுதிடாதீங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் அன்றைக்கே சண்டை ஆரம்பமானது.