வெண்டலின் பீரில் மருந்து வாடை

வெண்டல் ஹாகன் இரண்டாயிரத்து நானூறு டாலர் கொடுத்து பீர் காய்ச்சும் எந்திரம் வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளான நான் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் பாதி டீசல் என் பூட்ஸில் கொட்டியது.

ஆல்டர் பே என்கிற எங்கள் ஏரிக்கரை ஊரில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் கூடுவோம். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் திறந்து குறை சொல்வோம். என்னிடம் இருப்பதெல்லாம் மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, பிக்னிக்குக்கு ஐஸ் எடுத்துப்போகும் பெட்டி, வான்கோழி பொரிக்கவென்று என் மகன் வாங்கி ஒரே தடவையோடு கைவிட்ட அண்டா. மொத்தமும் நூறு டாலர் தேறாது. வெண்டலும் பதினெட்டு வருடம் இப்படித்தான் காய்ச்சினான். ஹாக்கி அரங்கில் பனித்தரையைச் சீராக்கும் வண்டி ஓட்டுகிறவன். ஒரே மேல்கோட்டைப் பத்து குளிர்காலம் போடுகிறவன். அவனுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று எல்லோரும் கேலி செய்தோம். காரணத்தைப் பின்னால் அவனேதான் சொன்னான்.

மார்ச்சில் அவன் காய்ச்சிய பீரில் ஒரு வாடை வந்திருக்கிறது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, அந்த மருந்து வாடை. கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சினான். மறுபடியும் அதே. மனைவி மார்லிஸிடம் ஒரு கிளாஸ் நீட்டினான்.

"எப்படி இருக்கு?"

"பீர் மாதிரி இருக்கு."

"வேற ஏதாச்சும் வாடை வருதா?"

"உன் சாக்ஸ் வாடைதான் வருது. தள்ளு, டிவிய மறைக்காத."

வெண்டலுக்குப் பயம் வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் அவன் அண்ணன் லைலுக்கும் இப்படித்தான் தொடங்கியது. எங்கே போனாலும் ரப்பர் கருகுகிறது என்பார். வேறு யாருக்கும் அந்த வாடை தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள், வெண்டலும் சேர்ந்து சிரித்தான். நான்கு மாதம் கழித்து மூளையில் கட்டி என்றார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு லைல் இல்லை.

டாக்டரிடம் போக வேண்டியவன் இணையத்தில் போய்த் தேடினான். பழைய பிளாஸ்டிக் வாளியின் கீறல்களில் கிருமி ஒளிந்திருக்கும், எஃகுக்கு மாறிவிடு என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டான். வாளியின் குற்றமாக இருந்துவிட்டால் போதும், தலைக்குள் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். சேமிப்பிலிருந்து எடுத்து வாங்கிவிட்டான்.

மே மாதக் கடைசியில் பளபளவென்றிருந்த அந்த எந்திரத்தின் எஃகுத் தொட்டியிலிருந்து முதல் கிளாஸைப் பிடித்தான். அதே மருந்து வாடை.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காப்பீட்டுத் தாள்களை அடுக்கி வைத்தான். வெயில் காலத்தில் மார்லிஸைக் கூப்பிட்டு, பனி அள்ளும் எந்திரத்தை எப்படிக் கிளப்புவது என்று சொல்லிக்கொடுத்தான். "எவளோட ஓடிப்போற ஏற்பாடு இது?" என்று அவள் கேட்டதற்குக்கூடச் சிரிக்கவில்லை.

கூட்டத்துக்கும் அவன் வரவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாள் காலை நானே அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், கேலி செய்யத்தான் போனேன். வண்டிக்கொட்டகைக் கதவை அரைமனதாகத் திறந்தான். இளைத்திருந்தான். அவன் தடுப்பதற்குள் தொட்டியின் குழாயைத் திருகி ஒரு வாய் குடித்தேன். அப்படியே வாசலில் துப்பினேன்.

"ச்சீ! என்னய்யா இது, ஆஸ்பத்திரியக் கழுவி ஊத்தின மாதிரி இருக்கு!"

வெண்டல் என் பக்கம் திரும்பினான். "என்ன சொன்ன?"

"பிளாஸ்திரி நாத்தம்யா. பழைய பிளாஸ்திரிய ஊறவெச்சு வடிகட்டின மாதிரி."

"உனக்கும் வருதா ட்ரூடி? நிஜமாவா? என் மனசு தேறட்டும்னு சொல்லலையே?"

"மனசு தேறவா? இவ்வளவு காசைக் கொட்டி மருந்துத் தண்ணி காய்ச்சி வெச்சிருக்க, உன்ன எதுக்கு நான் தேத்தணும்?"

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம், ஆனாலும் கைகுலுக்குவதற்கு மேல் எதுவும் கிடையாது எங்களுக்குள். தோள் குலுங்க அழுதான். "இன்னொரு தடவ திட்டு" என்றான். நானும் திட்டினேன். சத்தம் கேட்டு மார்லிஸ் ஓடிவந்தாள். அப்போதுதான் லைலைப் பற்றி, வாடையைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினான்.

மார்லிஸ் முழுவதையும் கேட்டாள். பிறகு கையிலிருந்த துணியால் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

"மூணு மாசமாடா மனசுக்குள்ள வெச்சிருந்த? எனக்குப் பீருன்னாலே எல்லாம் ஒரே நாத்தம். என்கிட்ட கேட்டா முடிவு பண்ணுவ?"

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் ஏரிக்கரைப் பக்கம், கிணற்றுத் தண்ணீர். வெண்டல் மட்டும் ஊருக்குள், நகராட்சிக் குழாய். பிப்ரவரி பில்லோடு ஒரு தாள் வந்திருந்தது. மார்லிஸ் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்தாள். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மருந்தை மாற்றியிருக்கிறார்களாம். பழைய குளோரின் கொதிக்கவைத்தால் போய்விடும், இது அவ்வளவு லேசில் போகாது. குடிக்கக் கெடுதல் இல்லை. பீருக்குப் போடும் முளைகட்டிய பார்லியோடு, அதாவது மால்ட்டோடு, சேர்ந்தால்தான் அந்த வாடை என்று இணையத்தில் பார்த்தோம். ஒயின் தயாரிக்கிறவர்கள் போடும் சின்ன மாத்திரை ஒன்றைப் பாதி உடைத்துத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது. ஒரு டப்பா மூன்று டாலர்.

அப்படியும் மார்லிஸ் விடவில்லை, அவனை டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண்ணைக் கட்டிக் காபித்தூள், கிராம்பு, சோப்பு என்று ஒவ்வொன்றாக மூக்கடியில் நீட்டினார்களாம், ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி மார்லிஸ் அழுது தீர்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் பொரித்த மீன் வாங்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஜூலையில் நானும் அவனும் ஒரே நாளில் காய்ச்சினோம். ஒரே மால்ட், கசப்புக்குப் போடும் ஒரே ஹாப்ஸ் பூ, அவன் வீட்டுத் தண்ணீர், அரை மாத்திரை. அவன் எந்திரத்தில், நான் என் வாளியில். ஆகஸ்டு கூட்டத்தில் எது எதுவென்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தோம். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெண்டலே வாளிப் பீரைத்தான் தன்னுடையது என்று அடித்துச் சொன்னான்.

"அப்ப அவ்வளவு காசும் தண்டம்தானா?" என்று கேட்டேன்.

"பீருக்குத் தண்டம்தான்" என்றான். "கொதிக்கிற அண்டாவத் தூக்க வேண்டாம், இடுப்பு தப்பிச்சது. ஆனா அதுக்கு ஒரு சின்ன பம்பு போதும்."

எந்திரத்தை வாங்கின விலையில் பாதிக்கு விற்றான். வாங்க வந்தவரிடம், இதில் காய்ச்சினால் ருசி ஒன்றும் கூடிவிடாது என்று அவனே சொன்னான். அவர் நம்பவில்லை. பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். வெண்டல் அன்றே கடைக்குப் போய் ஒரு புது வாளி வாங்கிவந்தான்.